தானே சாப்பிடுகிறாரா?

போன மாதம், புதிதாகக் களப்பணிக்கு வந்திருக்கிற உங்களில் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். படிவத்தில் இருக்கிற எல்லாக் கேள்வியும் கேட்டு முடித்துவிட்டேன் மேடம், பதிலைப் பார்த்தால் இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று வருகிறது, பிள்ளையைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை, எதை நம்புவது என்று கேட்டாள். வேலையில் சேர்ந்த நாலாவது மாதத்தில் அவளுக்கு வந்த சந்தேகம் எனக்கு வர ஆறு வருஷம் பிடித்தது. அதற்குள் பூட்டிய வார்டு வரைக்கும் ஒரு பெண்ணை அனுப்பிவைக்கப் பார்த்தேன். போனில் அவளுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இப்போது முழுசாக எழுதுகிறேன், எல்லோரும் படியுங்கள். இதில் நான் கெட்டிக்காரியாகத் தெரியமாட்டேன்.

முதலில் சட்டம். உங்கள் கையில் இருக்கிற சட்டத்தில் மனநோய் வேறு, வளர்ச்சிக் குறைபாடு வேறு என்று தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டாவது, வளரும் வயதிலேயே தொடங்குவது, புத்தியை மட்டும் தொடாமல் உண்பது, உடுப்பது, நாலு பேரோடு பழகுவது என்று அன்றாடக் காரியங்களையும் தொடுவது, மருந்து கொடுத்தால் போய்விடாதது. பரீட்சைக்குப் படித்த மாதிரி நீங்கள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பீர்கள், எனக்குத் தெரியும்.

எங்களுக்கு அந்த வசதி இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு நம்மிடம் வந்து சேர்ந்தது இங்கிலீஷ்காரர்கள் விட்டுப்போன சட்டம். அதில் பிறவியிலிருந்தே புத்தி வளராதவரும், நன்றாக இருந்து நடுவில் சித்தம் கலங்கியவரும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். ஒருவர் கவனிப்பாரில்லாமல் திரிகிறார், அவரால் ஆபத்து என்று போலீஸ் நினைத்தால் மாஜிஸ்ட்ரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தலாம். டாக்டர் சான்று கொடுத்தால் மாஜிஸ்ட்ரேட் அவரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். பொறுப்பேற்க உறவுக்காரர்கள் இருந்தால் அவர்களோடு விட்டுவிடலாம். அப்படி உள்ளே போனவர்களில் பலர் திரும்பி வந்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், பாகூர் கொம்யூன் கிராமங்களில் நான் களப்பணியாளராக இருந்தபோது நடைமுறை இதுதான்.

பாகூர் ஏரிக்குக் கீழே, கரும்பும் நெல்லுமாக இருக்கிற ஒரு ஊர். அங்கே அலமேலு என்று ஒரு விதவை. புருஷன் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கூலிக்குக் கரும்பு வெட்டப் போவாள். இரண்டு பெண்கள். மூத்தவள் பூங்காவனம், இருபத்திரண்டு வயது. இளையவள் மலர், பத்தொன்பது, தையல் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பகலில் பக்கத்து வீட்டுத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பூங்காவனம் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஊரே இரண்டு மணி நேரம் தேடியது. கடைசியில் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தாள், குழந்தை அவள் மடியில் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு கீறல் இல்லை. ஆனால் பெற்றவளுக்கு ஈரக்குலை நடுங்கியிருக்கும் அல்லவா? அந்த வீட்டுக்காரர் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

மாஜிஸ்ட்ரேட் ஒரு வாரம் தவணை கொடுத்து, அதுவரை தாயோடு இருக்கட்டும் என்றார். பெண்ணைப் பரிசோதிக்க ஒரு டாக்டரையும், வீட்டு நிலைமையை விசாரிக்க எங்கள் அலுவலகத்தையும் கேட்டிருந்தார். விசாரிக்கிற வேலை என்னிடம் வந்தது.

போனேன். கூரை வீடு, வாசல் மெழுகிக் கோலம் போட்டிருந்தது. கயிற்றுக் கட்டிலில் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருந்தார். மாமன் முறையோ சித்தப்பன் முறையோ, யாரோ சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். யார் என்று கேட்கவில்லை. பூங்காவனம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், எண்ணெய் வைத்துப் படிய வாரி இரட்டைச் சடை பின்னியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது. அதுதான் வினை.

படிவத்தை எடுத்து வரிசையாகக் கேட்டேன். தானே சாப்பிடுகிறாரா? சாப்பிடுவா. தானே குளிக்கிறாரா? குளிப்பா. தானே உடுத்துகிறாரா? பாத்தா தெரியலியா, எப்டி உடுத்திகினு கீறா பாரு என்றாள் அலமேலு. யாராவது எப்போதும் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டுமா? வேணாம், அவ பாட்டுக்கு இருப்பா. இந்த நிலைமை எப்போதிலிருந்து? அதற்குக் கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் கட்டில் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவங்க அப்பா போனதுலேர்ந்துதான் கொஞ்சம் பிரமை புடிச்ச மாதிரி கீறா, அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தா என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்லாம் தானே செய்துகொள்கிற பெண், தகப்பன் செத்த துக்கத்தில் ஏதோ செய்துவிட்டாள், இவளை யார் உள்ளே வைக்கப் போகிறார்கள்? பதில்களை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு வில்லியனூருக்குப் பஸ் ஏறினேன். என் ஊர் அதுதான்.

விசாரணை நாள் காலையில் கோர்ட்டுக்குச் சீக்கிரமே போய்விட்டேன். பெஞ்சு கிளார்க் எனக்குத் தெரிந்தவர், மெல்லப் பேசுகிற மனிதர். உங்க அறிக்கை ரொம்ப உதவியா இருந்ததும்மா, டாக்டர் அதைப் பார்த்துத்தான் சான்று எழுதியிருக்கார் என்றார். என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். நன்றாக இருந்தவள் சமீபத்தில் சித்தம் கலங்கியிருக்கிறாள், இப்போது பிறர் குழந்தையைத் தூக்கிப்போகும் அளவுக்கு முற்றியிருக்கிறது, வீட்டில் கண்காணிக்க ஆளில்லை, ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டியவள். போலீஸ் வேன் கூட வந்தாச்சு என்று வெளியே கை காட்டினார்.

டாக்டர் மேல் முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. பெண் அவரிடம் வாயைத் திறக்கவில்லை. என் தாளில் இருப்பதை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தெரியும். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நானே வேனுக்கு வழி காட்டிவிட்டிருந்தேன்.

வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் தாயும் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அலமேலு வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து இட்லியைக் கிள்ளினாள். கிள்ளிய துண்டை மறுபடி கிள்ளி, சர்க்கரையில் தொட்டு, பூங்காவனத்தின் கன்னத்தை ஒரு விரலால் தட்டினாள். தட்டியதும் வாய் திறந்தது. உள்ளே வைத்தாள். மென்று முடிகிற வரைக்கும் காத்திருந்து, தொண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த துண்டு. ஒரு இட்லி உள்ளே போக கால் மணி நேரம் ஆகியிருக்கும். நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தானே சாப்பிடுவாள் என்று சொன்னீர்களே என்று கேட்டேன். அலமேலு என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

“அவதானம்மா துன்றா? நானா மென்னு குடுக்கறேன்?”

குளிக்கிறது?

“அவதான் நிக்கறா. நான் தண்ணி ஊத்தறேன்.”

அவள் பொய் சொல்லவில்லை, பிள்ளைகளே. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இருபத்திரண்டு வருஷம் ஊட்டியும் குளிப்பாட்டியும் உடுத்தியும் விட்டவளுக்குத் தன் கை எது, மகள் கை எது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மகள் வயிறு நிறைந்தால் மகள் சாப்பிட்டாள், அவ்வளவுதான் அவளுக்கு. ‘தானே’ என்று படிவம் கேட்டால் வேறு யார் துணையும் இல்லாமல் என்று அர்த்தம். அந்தத் துணை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டியவள் நான். நான் தேடவில்லை, பேனாவைத் திறந்து கட்டத்தை நிரப்பினேன். இன்றுவரைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனால் கடைசிக் கேள்விக்குச் சொன்ன பதில் பொய்தான். எப்போதிலிருந்து இப்படி என்று மறுபடி கேட்டேன். அலமேலு தலையைக் குனிந்துகொண்டாள். மலர்தான் பேசினாள். அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் சொந்தக்காரர் இல்லை, மலரைப் பெண் கேட்டு வந்த வெளியூர்க்காரர், மாப்பிள்ளையின் அப்பா. நிச்சயத்துக்கு நாள் குறிக்க வந்திருந்தார். பிறவியிலிருந்தே இப்படி என்றால் குடும்பத்திலேயே இருக்கிற கோளாறு என்பார்கள், மலருக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் வருமே என்பார்கள். அதனால்தான் அம்மா அப்படிச் சொன்னது என்றாள்.

வேற்று மனிதர் ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு தாயிடம் நான் இந்தக் கேள்வியெல்லாம் கேட்டிருக்கிறேன். கேட்டது நான், அவள் பதில் சொன்னது அவருக்கு. நீங்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அங்கே இருக்கிறவர் ஒவ்வொருவரும் யார் என்று கேளுங்கள். படிவம் அப்புறம்.

அந்தப் பெரியவர் அன்றைக்கும் வந்திருந்தார். சம்பந்தி வீட்டுக்கு ஒரு கஷ்டம் என்று மரியாதைக்கு வந்தவர், கோர்ட்டுக்குள்ளே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்ட்ரேட் வயதானவர் இல்லை, நாற்பது இருக்கும். தாளைப் புரட்டிக்கொண்டே உத்தரவு சொல்லத் தொடங்கினார். நான் எழுந்து, என் அறிக்கையைத் திருப்பி வாங்கிக்கொள்ள அனுமதி வேண்டும் ஐயா என்றேன். அப்படி ஒரு வழக்கம் உண்டா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் மெமோ வரும் என்பது மட்டும் தெரியும், வரவும் செய்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்க ஐயா.”

“அப்ப எழுதினது பொய்யா?”

“பொய் இல்லீங்க ஐயா. தப்பு. நான் கேட்ட விதம் தப்பு.”

தாயிடம் தனியாகக் கேட்கச் சொல்லி மன்றாடினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். அறிக்கையைப் படித்து எல்லார் முன்னிலையிலும் பதிவு செய்தாயிற்று, மாற்றிச் சொல்வதையும் எல்லார் முன்னிலையிலும்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு, அலமேலுவைக் கூண்டுக்குக் கூப்பிட்டார். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் கடைசி பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அலமேலு கூண்டுக்குள் நின்றாள். ஒரு பெண்ணைப் பார்த்தாள், இன்னொரு பெண்ணைப் பார்த்தாள். கடைசி பெஞ்சையும் பார்த்தாள். இவளை இப்படி நிற்க வைத்தது நான்தான். பிறகு அவள் பேசத் தொடங்கினாள். குரல் பிசிறவே இல்லை.

“பொறந்தப்பவே இது அழுவலிங்க. அஞ்சு வயசுலதான் நடந்துச்சு. இன்னிக்கும் பாவாட நாடா கட்டத் தெரியாது, நான்தான் கட்டி வுடறேன். சோறு நான்தான் ஊட்டறேன். மாசத்துல அந்த மூணு நாளும் நான்தான் பாக்கறேன். கொழந்தன்னா இதுக்கு உசுரு, ஏரியாண்ட கொக்கு காட்டலாம்னு தூக்கிகினு பூடுச்சு. அன்னிக்கு நான் கரும்பு வெட்டப் பூட்டேன், கதவச் சாத்தல. தப்பு என்னுது. இதும்மேல தப்பு இல்ல.”

டாக்டரைக் கேட்டார் மாஜிஸ்ட்ரேட். டாக்டர் நல்ல மனிதர், முரண்டு பிடிக்கவில்லை. இது முன்பே தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டேன், இது நோயில்லை, ஆஸ்பத்திரியில் வைத்துக் குணமாக்க இதில் ஒன்றும் இல்லை, இந்தப் பெண்ணுக்கு வேண்டியது கூட ஒரு ஆள் என்றார். சட்டம் பிரிக்காததை அந்த இளம் டாக்டர் அன்றைக்கு நின்ற இடத்திலேயே பிரித்தார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

எனக்குப் பாதி உயிர் வந்தது. மாஜிஸ்ட்ரேட்டுக்கு அது போதவில்லை.

“பிறவியா, நடுவுல வந்ததான்னு இந்தச் சட்டம் கேக்கல. கவனிக்க ஆள் இருக்கான்னு கேக்குது. நீ வேலைக்குப் போனாத்தான் சோறு. நீ போயிட்டா பகல்ல யாரும்மா பாக்கறது?”

இனிமேல் வேலைக்குப் போகவில்லை என்று அலமேலு சொன்னாள், சொல்லும்போதே அது நடக்காது என்று அவளுக்கும் தெரிந்தது, எங்களுக்கும் தெரிந்தது. மாஜிஸ்ட்ரேட் பேனாவை எடுத்தார். நான் பூங்காவனத்தைப் பார்த்தேன். அவள் சடை நுனியை வாயில் வைத்துக்கொண்டு மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மலர் எழுந்து முன்னால் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

“எங்கம்மா மறைச்சது என் கல்யாணத்துக்காகத்தான் சார். எங்கக்காவ நான் பாத்துக்கறேன். தையல் மிஷின வூட்லயே போட்டுக்கறேன். எங்க கையெழுத்து போடணும்?”

அலமேலு கூண்டிலிருந்தே, வேணான்டி, நீ குந்து என்றாள். மலர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சில் இருந்த பெரியவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது. உங்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் பதறுவீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: நாலு வருஷம் கழித்து நெட்டப்பாக்கத்தில் மலருக்கு ஒரு நல்ல பையன் அமைந்தான். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவள் முதலில் அக்காவைத்தான் கூட்டி வந்து உட்கார வைத்தாளாம். ஆனால் அன்றைக்குக் கோர்ட்டில் நின்றவளுக்கு இது எதுவும் தெரியாது. இருந்த ஒரு வரனும் கண்ணெதிரே துண்டை உதறிக்கொண்டு போவதை அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

மாஜிஸ்ட்ரேட் அவளை உட்காரச் சொல்லி நிறையக் கேட்டார். வயது என்ன, அக்காவுக்கு ஊட்டத் தெரியுமா, அக்கா இரவில் எழுந்திருப்பாளா, கோபம் வந்தால் அடிப்பாளா. எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொன்னாள். ஒரு பதிலிலும் அக்கா தானே செய்வாள் என்று வரவில்லை. நான் தட்டினால் வாய் திறப்பாள், நான் பாட்டுப் பாடினால் குளிக்க வருவாள், நான் கையைப் பிடித்தால் ரோட்டைத் தாண்டுவாள். நான் அந்த வீட்டுக்குப் போனபோது எழுதியிருக்க வேண்டிய அறிக்கை அதுதான். என் கண் முன்னால் ஒரு பத்தொன்பது வயதுப் பெண் அதை வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெண்ணைக் குடும்பத்தோடு விடலாம், தாயும் தங்கையும் பொறுப்புப் பத்திரம் எழுதிக் கொடுக்கட்டும் என்று உத்தரவானது. தாய் கைநாட்டு வைத்தாள். பெஞ்சு கிளார்க் பத்திரத்தை மலர் பக்கம் நகர்த்தி, பெயர், வயது, உறவுமுறை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் பேனா ஒரு கட்டத்தில் நின்றது. பொறுப்பேற்கும் காலம் என்று இருந்தது. வழக்கமாக ஆறு மாதம், ஒரு வருஷம் என்று போடுவார்கள். எவ்வளவு காலத்துக்கும்மா என்று கேட்டார்.

மலர் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவ இருக்கற வரிக்கும்னு எழுதுங்க சார்.”

கிளார்க் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்தார். மாஜிஸ்ட்ரேட் தலையை அசைத்தார். அப்படியே எழுதினார்கள்.